களி வாளிச் சத்தம்

கம்பிக் கூண்டில் இருந்த வரைக்கும் கரடியை எல்லோரும் பார்த்தார்கள். நல்ல இடமாகக் கட்டிக் கொடுத்த பிறகு ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. எட்டு வயதில் எனக்கு இது புரியவேயில்லை.

திருப்பதியில் ஒரு விலங்குப் பூங்காவில் அந்தக் கரடியைப் பார்த்துக்கொள்வது எங்கள் நைனாவின் வேலை. புதிய இடத்தில் புதர், குகை. ஜனங்கள் நிற்கும் பக்கம் அகழியும் கைப்பிடிச் சுவரும். பின்னால் கரடி ராத்தங்கும் அறையும் அதன் கதவும். இப்போது கட்டடக்கலை படிக்கும் நான், எந்த விலங்குக் கூடத்தின் வரைபடத்திலும் முதலில் அந்தப் பின்கதவைத்தான் தேடுகிறேன். சாயங்காலம் அங்கே நின்று நைனா களி வாளியை மூன்று தட்டுத் தட்டுவார். கரடி ஓடி வந்து உள்ளே நுழைந்ததும் கதவை இறக்கிப் பூட்டுவார். அது அடையாமல் அவர் வீட்டுக்குக் கிளம்ப முடியாது.

ஒரு நாள், விடிந்தால் சித்தூரில் அத்தை மகளுக்கு நிச்சயதார்த்தம். பூ வாங்க வந்திருந்த அத்தை, சாயங்காலம் எங்களையும் வேனில் அழைத்துப்போவதாக ஏற்பாடு. அதற்குள் பிள்ளைகளோடு கரடி பார்க்க வந்துவிட்டாள்.

“டிக்கெட் வாங்கிக்கினு பொதரைப் பாக்கவா வந்தோம்? எங்க மாந்தோப்புல இல்லாத பொதரா?” என்றாள் அத்தை.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நைனா அந்தப் பக்கம் இல்லை. நைனாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த தூக்குவாளியைச் சுவரில் வைத்து மூன்று தட்டுத் தட்டினேன். கரடி ஓடி வந்தது! ஒரே கைதட்டல். மூக்கைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. “இன்னொரு வாட்டி!” என்றார்கள். மறுபடி தட்டினேன். நாலாவது தடவை பாதி தூரம் வந்து நின்றுவிட்டது.

சாயங்காலம் நைனா வாளியைத் தட்டினார். கரடி குகை வாசலில் உட்கார்ந்தபடி பார்த்தது. எழுந்திருக்கவில்லை. வெளியே வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

“தாய்மாமன் இல்லாம தட்டு மாத்த முடியுமாடா?” அத்தைக்கு அழுகையே வந்துவிட்டது.

“நீங்க போங்கக்கா. அது உள்ள போனா காலையில மொத பஸ்ஸுல வந்துர்றேன்.”

“அதுக்குக் காது கேக்கலியா நைனா?” என்றேன்.

என் கையிலிருந்த தூக்குவாளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்லாத்தாம்மா கேக்குது.”

கேட்டால் ஏன் வரவில்லை? சித்தூர் போய்ச் சேரும்வரை யோசித்தேன், மடியிலிருந்த தூக்குவாளியை மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டே.