கயிற்றில் ஆறு கிளிப்

வெர்லீனின் படகில் ஏறுகிறவர்கள் முதலில் ஒரு துணிக் கிளிப்பில் தங்கள் பெயரை எழுத வேண்டும். தண்ணீரில் இறங்கும்போது அதைக் கயிற்றில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஏறி வந்ததும் அவரவர் கிளிப்பை அவரவரே எடுத்து வாளியில் போட வேண்டும். கயிறு காலியாகாமல் அவள் சாவியைத் தொடமாட்டாள். ஸ்டீன்ஹாச்சி என்ற அந்தக் கடலோர ஊரில் கோடைக்கு வருகிறவர்களைச் சிப்பி பொறுக்கக் கூட்டிப்போகும் படகுக்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கை. "வெர்லீன் கடலுக்குப் போறாளா, துணி காயப்போடப் போறாளா?" என்று துறையில் கேலி பேசுவார்கள். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கிளிப்புக்குக் காரணம் அவள் தம்பி ராய்ஸ். அவளுக்கு இருபத்தொரு வயதிருக்கும்போது, அவன் படகுக்குப் பின்னால் முங்கியிருப்பதைப் பார்க்காமல் எஞ்சினைக் கிளப்பிவிட்டாள். எஞ்சின் விசிறியில் சிக்கி அவன் இடது பாதம் போயிற்று. இப்போது அவள் கொண்டுவரும் சிப்பிகளை அவன்தான் துறையில் உட்கார்ந்து உரித்துக் கொடுக்கிறான். அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. ஆனால் படகு கரை சேர்ந்ததும், சிப்பி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், "எத்தனை பேர் அக்கா?" என்று கேட்பான். அவள் எண்ணிக்கையைச் சொல்வாள். முப்பத்தொரு கோடையாக இதே கேள்வி, இதே மாதிரிப் பதில்.

அந்த ஜூலை வியாழக்கிழமை வந்தவர்கள் ஆறு பேர். வால்டோஸ்டாவிலிருந்து மார்லா என்ற பெண், அவள் கணவன், கணவனின் நண்பர்கள் மூவர், அவளுடைய மாமனார் ஹாஸ்கல். ஹாஸ்கலுக்கு எழுபத்தெட்டு வயது. பிடிவாதத்துக்கு வயதே கிடையாது. இறங்கும் முன் காதுக் கருவிகள் இரண்டையும் கழற்றி, சாவிக்குப் பக்கத்தில் இருந்த வெர்லீனின் காலி காப்பிக் கோப்பையில் போட்டார்.

"பத்திரம் கேப்டனம்மா. உன் படகை வித்தாலும் இது வராது."

"ஏறி வந்ததும் முதல்ல இதை மாட்டிக்கணும். நான் கத்தறது கேக்கணுமில்ல."

"என் சம்சாரம் அம்பது வருஷம் கத்தினா. அதனாலதான் இதை வாங்கவே இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்."

மார்பளவுத் தண்ணீர். அடியில் கடற்புல், புல்லுக்கு நடுவே வாயைத் திறந்து, ஓட்டு விளிம்பில் நீலக் கண் வரிசையோடு பார்த்துக்கொண்டிருக்கும் சிப்பிகள். எல்லாரும் வாயில் காற்றுக்குழாயோடு குப்புற மிதந்து பொறுக்கினார்கள். ஒரு மணி வாக்கில் தெற்கே வானம் கறுத்தது. நீரும் வேகமாக வற்றி வெளியே இழுக்கத் தொடங்கியது. வெர்லீன் ஹாரனை மூன்று முறை அடித்தாள்.

முதல் இடி விழுந்தபோது ஆள் மேல் ஆளாக ஏணியில் ஏறினார்கள். அந்தப் பரந்த தண்ணீரில் இவர்கள் படகைவிட உயரமாக ஒன்றுமில்லை. மின்னல் யாரைத் தேடி வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். மார்லா தன் கிளிப்பை எடுத்தாள். முன்பக்கம் ஒரு ஆள் துண்டைத் தலையோடு போர்த்திக் குனிந்திருந்தார். மாமனார்தான், கிளிப்பை மறந்துவிட்டார் என்று நினைத்து, அவருடையதையும் எடுத்துப் போட்டாள்.

"கிளம்புங்க கேப்டன், கிளம்புங்க" என்றான் மார்லாவின் கணவன்.

வெர்லீன் கயிற்றைப் பார்த்தாள். காலி. மழை சடசடவென்று இறங்கியது. சாவியைப் பிடித்தாள். பாதி திருப்பிவிட்டாள். அப்போதுதான் கோப்பை கண்ணில் பட்டது. உள்ளே இரண்டு காதுக் கருவிகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன.

தலைகளை எண்ணினாள். ஐந்து. துண்டுக்குள் இருந்தது நண்பர்களில் ஒருவன்.

சாவியைப் பிடுங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பின்பக்கம் குதித்தாள். ஹாஸ்கல் படகின் பின்புறத்தை ஒட்டிக் குப்புறக் கிடந்தார். நீர் இழுத்துக்கொண்டு போகாமலிருக்க, இடது கையால் தண்ணீருக்குள் நீளும் எஞ்சினின் காலைக் கட்டிப் பிடித்திருந்தார். அதன் முனையிலிருந்த விசிறிக்கும் அவர் முழங்கைக்கும் ஒரு சாண்கூட இல்லை. வலது கை நிதானமாகப் புல்லைத் துழாவிக்கொண்டிருந்தது. ஹாரனும் கேட்கவில்லை, இடியும் கேட்கவில்லை.

சட்டையைப் பிடித்து மேலே இழுத்தாள்.

"ஏம்மா, அடியில இன்னும் ரெண்டு கிடக்கு" என்றார் அவர்.

வெர்லீன் அவரை ஏற்றிவிட்டு, மறுபடி ஆறு தலைகளையும் எண்ணிய பிறகே சாவியைப் போட்டாள்.

"நான்தான் எடுத்தேன், உங்களுக்கு உதவியா இருக்குமேன்னு" என்று மார்லா அழுதாள்.

"உக்காரு" என்றாள் வெர்லீன்.

துறையில் ராய்ஸ் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"எத்தனை பேர் அக்கா?"

கட்டுக்கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வந்தவர்கள் எல்லாரும் இறங்கிப் போகும்வரை நின்றாள்.

"ஆறு. அஞ்சோட கிளம்பப் பாத்தேன்டா."

ராய்ஸ் கத்தியைக் கீழே வைத்தான். "எங்க இருந்தார்?"

"பின்னால. எஞ்சின் காலைப் புடிச்சிட்டிருந்தார். இழுப்புக்கு."

"அன்னிக்கு நானும் அதைத்தான் புடிச்சிருந்தேன்" என்றான் ராய்ஸ். "எங்க இருந்தேன்னு நீ கேப்பேன்னு காத்திருந்தேன். நீ கேக்கவே இல்ல. கிளிப்பு வாங்கப் போயிட்ட."

வெர்லீன் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தொரு வருஷம் அடக்கி வைத்தது அத்தனையும் அழுகையாய் வெளியே வந்தது. ராய்ஸ் நொண்டி நொண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் தோளில் வைத்த கையில் சிப்பி நாற்றம் அடித்தது.

"இப்பக் கேக்கறேன்டா. சொல்லு" என்றாள்.

அவன் சொன்னான், முதலிலிருந்து.

மறுநாள் படகில் கயிறு இல்லை. தண்ணீரிலிருந்து ஏறும் ஒவ்வொருவர் ஈரத் தலையிலும் வெர்லீன் உள்ளங்கையை வைத்து வாய்விட்டு எண்ணினாள். சிலர் அதை ஆசீர்வாதம் என்று நினைத்துக் குனிந்து கொடுத்தார்கள். அவளும் இல்லையென்று சொல்லவில்லை.