சந்தனம் வைத்த மைக்ராஸ்கோப்

1978 அக்டோபர் 10, செவ்வாய்க்கிழமை, ஆயுத பூஜை. ஐந்தரைக்கு எழுந்தோம். அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டார். நான் குழாயில் தண்ணீர் பிடித்தேன். அப்பா சைக்கிளைத் துடைத்தார். ஏழு மணிக்கு இட்லி. பிறகு முன்னறையைக் கழுவிவிட்டோம். திருவண்ணாமலையில் தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வாடகை வீடு. அதன் முன்னறைதான் அப்பாவின் ரத்தப் பரிசோதனை நிலையம். பதினோரு மணிக்குப் பொரியும் சுண்டலும் படைத்துக் கற்பூரம் காட்டினோம்.

சரஸ்வதி படத்துக்கு முன்னால் என் பாடப் புத்தகங்கள், அரிவாள்மணை, மைக்ராஸ்கோப். அதன் குழாய் உச்சியிலிருந்து அடிவரை அம்மா சந்தனப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றியிருந்தார். மறுநாள் விஜயதசமி காலை வரை எதையும் எடுக்கக் கூடாது. படிக்க வேண்டாத நாள் என்பதால் எனக்கு அந்த விதி பிடிக்கும். மைக்ராஸ்கோப்புக்கும் அது பொருந்துவதுதான் பிடிக்காது.

மற்ற நாட்களில், ஆள் வராத மத்தியானங்களில், அப்பா அதை எனக்கும் என் தோழிக்கும் தருவார். அவள் அடுத்த தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாயின் மகள், என் வகுப்பு. வெங்காயத் தோல், ஈசல் இறகு, ஐயங்குளத்துத் தண்ணீர் எல்லாம் பார்த்தோம். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் ஹாலந்து தேசத்தில் ஒரு துணி வியாபாரி இருந்ததாகவும், நூலின் தரம் பார்க்கும் பூதக்கண்ணாடியில் தொடங்கி, சின்னச் சின்னக் கண்ணாடிகளைத் தானே தேய்த்து, குளத்துத் தண்ணீரையும் தன் பல் அழுக்கையும்கூடப் பார்த்ததாகவும் அப்பா சொன்னார்.

"அப்போ எங்க அத்தா கூட கண்டுபுடிச்சிருக்கலாம். கடையில சும்மா ஈ ஓட்டிகினுதான் கீறாரு" என்றாள் அவள்.

இன்னொரு நாள், குளத்துத் தண்ணீரில் நீந்திய ஒன்றை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நாம பாக்குறது அதுக்குத் தெரியுமாடி?" இப்போதும் விளக்கை அணைத்த பிறகு சில நாள் அந்தக் கேள்வி வருகிறது, அவள் குரலிலேயே.

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் நாலரை மணிக்குப் பாய் வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"அண்ணே, நல்ல நாளும் அதுவுமா வந்து நிக்கிறேன். பாப்பாவுக்கு நாலு நாளா ஜுரம் ஜாஸ்தியாவே கீது. இன்னிக்கு என்னென்னமோ பெனாத்துது. டாக்டரு டைபாய்டுனுதான் நெனக்கிறாரு. மலேரியாவா இருந்தா இன்னிக்கே ஊசி போடணுமாம், ரத்தம் பாத்து எழுதி வாங்கினு வாங்கன்னாரு. ஊர்ல எல்லா லேபும் பூட்டிக் கெடக்குது."

அப்பா உடனே அவருடன் போய் ரத்தம் எடுத்து வந்தார். கொல்லைப்புறத்தில் வைத்து, ரத்தம் தடவிய கண்ணாடி ஸ்லைடுக்குச் சாயம் போட்டுக் காயவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தபோது அம்மா படத்துக்கு முன்னால் நின்றிருந்தார்.

"பூஜையில வச்சத எடுக்கக் கூடாதுங்க. தொழிலுக்கே ஆவாது."

"தெனமும் நம்ம வூட்டுக்கு வர்ற பொண்ணுடி அது."

"பாக்க வேணாம்னா சொன்னேன்? எடுக்காம பாருங்க."

அது இருவருக்குமே நியாயமாகப் பட்டது. மைக்ராஸ்கோப் வைத்த இடத்திலேயே இருந்தது. சரத்தை அவிழ்க்கவில்லை, சந்தனத்தைத் துடைக்கவில்லை. அப்பா தரையில் மண்டியிட்டு, மேசை விளக்கைப் பக்கத்தில் இழுத்துவைத்து, கன்னத்தில் சாமந்தி உரச, ஒற்றைக் கண்ணால் குனிந்து பார்த்தார். கண் வைக்கும் குழலைத் திருகினார். கூடவே சுற்றினால் அது கண்ணாடியில் ஒட்டிய தூசி. ரத்தத்தில் இருப்பது அசையாது. இதை எனக்கும் என் தோழிக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"உள்ள பூரா உன் குங்குமம்தான்" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

நானும் குனிந்தேன். மங்கலாக இருந்தது. மஞ்சள் மூட்டத்துக்குள் சிவப்புத் துகள்கள். குழலைத் திருகினேன். எல்லாம் சுற்றின. ஒன்று மட்டும் நின்ற இடத்தில் நின்றது: வெளிறிய வட்டத்துக்குள் மெல்லிய நீல வளையம், அதில் ஒரு சிவப்புப் புள்ளி.

"கல்லு வச்ச மோதிரம் மாரி ஒண்ணு கீதுப்பா. அழகா கீது."

"அதுவும் குங்குமம்தான். எழுந்திரு, பாய் எவ்ளோ நேரம் நிப்பாரு."

மலேரியாக் கிருமி இல்லை என்று சீட்டில் எழுதினார். பாய் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மா ஒரு பொட்டலம் சுண்டல் கொடுத்தார்.

என் தோழி வியாழக்கிழமை விடியும் முன் இறந்துபோனாள். ஊசி போட்டது புதன்கிழமை. ஒரு நாள் முந்திப் போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று அப்பா டாக்டரிடம் கேட்டாராம். சொல்ல முடியாது என்றாராம் அவர். அப்பா பிறகும் பல வருஷம் அதே மைக்ராஸ்கோப்பில்தான் வேலை பார்த்தார். அந்த ஸ்லைடை மட்டும் கழுவவில்லை. அவர் காலத்துக்குப் பிறகு அது என்னிடம் இருக்கிறது. சாயம் வெளுத்து, ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறை. மண்ணுக்குள் போனவளின் ரத்தத்தில் ஒரு துளி என் அலமாரியில் இருக்கிறது என்பது எந்த வேலையின் நடுவிலும் சட்டென்று நினைவுக்கு வரும். கை நின்றுவிடும். நான் அதை இதுவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததில்லை. பார்த்தால் அங்கிருந்தும் எதுவோ பார்க்கும் என்று தோன்றுகிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரி அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். ஏன் என்று அம்மா கேட்டதற்குப் பசியில்லை என்றார். படுக்கும் முன் இரண்டு தடவை முன்னறைக்குப் போய் நின்றுவிட்டு வந்தார்.

விஜயதசமி காலையில் எங்கள் வீட்டில் முதலில் குளியல், பிறகு கற்பூரம், அதன் பிறகே பூஜையில் வைத்ததை எடுப்பது. அன்று நான் எழுந்தபோது சாமந்திச் சரம் தரையில் கிடந்தது. லென்ஸ் துடைக்கும் மருந்தின் வாடை வீடு முழுக்க. மைக்ராஸ்கோப் ஜன்னலோரத்தில் இருந்தது. குளிக்காத அப்பா அதன்மேல் குனிந்திருந்தார். கண் வைக்கும் குழலை ஒரு முழுச் சுற்றுத் திருகினார். பிறகு நிமிர்ந்து, "என் சட்டைய எடு" என்றார். அம்மா எடுத்துக் கொடுத்தார். அப்பா பொத்தான்கூடப் போடாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடி, சந்து முனையில் ஏறி, பாய் வீட்டுப் பக்கம் திரும்பினார்.