ஒபராவின் பின்வரிசையில் இருபத்திரண்டு வருடம்

தொண்டையை வைத்துப் பிழைக்கிற தொழிலில் பெரிய கரைச்சல், தொண்டை எல்லாரிடமும் இருப்பதுதான். அதனால் எல்லாரும் புத்தி சொல்லுவார்கள். சமைக்கிறவர், முடி வெட்டுகிறவர், ஊராரின் புத்திமதியைச் சம்பளத்தோடு சேர்த்து வாங்குகிற எல்லாருக்கும் இது விளங்கும்.

ரொறன்ரோவில் ஒரு சின்ன ஒபராக் கொம்பனியில் பாடுகிறேன். ஒபரா என்றால் தண்ணீர் வேண்டுமென்றாலும் பாடித்தான் கேட்கிற நாடகம். முன்னுக்கு நின்று சாகிற கதாநாயகி நானில்லை. அவ செத்துப்போனா என்று பின்வரிசையில் இருபது பேரோடு நின்று பாடுகிறவள். பகலில் ஆஸ்பத்திரி லோண்டரியில் துணி தோய்க்கிற வேலை, பின்னேரம் பாட்டு. பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. பாட்டுக் கடதாசியில் இருக்கிற கோடும் புள்ளியும் எனக்கு வாசிக்கத் தெரியாது. இதை இருபத்திரண்டு வருடம் வெளியில் விட்டதில்லை. ஒருக்காக் கேட்டால் என் காது பிடித்துவிடும். எங்களுக்குப் பாட்டுப் பழக்கிய பழைய மாஸ்டர் எதையும் பியானோவில் அடித்துக் காட்டிவிட்டுத்தான் பாடச் சொல்லுவார். பக்கத்தில் நிற்கிற மாக்கிரட் கடதாசியைப் பார்ப்பாள், நான் மாக்கிரட்டைக் கேட்பேன். இப்படியே ஓடியது.

இந்த வருடம் மாசி மாதம் புது மாஸ்டர் வந்தார். பங்குனிக் கடைசியில் எல்லாரும் திரும்பப் பாடிக் காட்ட வேண்டும், முன்பின் பார்க்காத கடதாசி ஒன்றைத் தருவேன், அந்த இடத்திலேயே பாட வேண்டும், பாடாதவருக்கு அடுத்த பருவத்தில் இடமில்லை என்றார். எனக்கு அறுபத்துமூன்று வயது. அந்தக் கிழமைகளில் பட்டதைத்தான் எழுதுகிறேன்.

மைக்

யூனியன்வில்லில் சொந்தத்தில் ஒரு கலியாணம். கட்டாயம் ஒரு பாட்டுப் பாடத்தான் வேணும் என்று பெண்ணின் தாய் வந்து நின்றா. சரி என்று எழும்பினேன். சாப்பாட்டுக்கு ஆட்களை வரிசையாகக் கூப்பிட்ட அதே நிமிடத்தில் என்னையும் கூப்பிட்டார்கள்.

எங்கள் தொழிலில் மைக் கிடையாது. ஆயிரம் பேர் இருந்தாலும் கடைசிக் கதிரை வரைக்கும் வெறுந்தொண்டைதான் போக வேண்டும், அதற்குத்தான் இத்தனை வருடப் பழக்கம். அதனால் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுத் தொடங்கினேன். சவுண்ட் பார்க்கிற தம்பி ஓடிவந்து அதை என் வாய்க்குக் கிட்ட வைத்தான். நான் பின்னுக்குப் போனேன், அவனும் மைக்கோடு பின்னுக்கு வந்தான். பாட்டு முடிவதற்குள் மேடையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டோம். கடைசியில் உச்சக் குரலில் ஒரு இழுவை வந்தபோது ஸ்பீக்கர் பெட்டி வீரிட்டுக் கத்தி, முன்வரிசைக் கிழவர் ஒருவர் காதிலிருந்த மெஷினைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். இறங்கி வந்தபோது அந்தத் தம்பி என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"அன்ரி, குரல் இருக்கு, இல்லையெண்டில்லை. ஆனா மைக்கைப் பாவிக்கப் பழகினா முன்னுக்கு வரலாம்."

கார்க் கண்ணாடி

நாங்கள் இருப்பது வோபர்னில், சுவர் மெல்லிய அப்பார்ட்மென்ட். அங்கே பயிற்சி செய்ய ஏலாது. கடைக்கட்டடத்துப் பார்க்கிங்கில் காரை விட்டு, கண்ணாடியை மூடிவிட்டுத்தான் பாடுவேன். பக்கத்து சீற்றில் என் கணவர் பிலிப்பு. ஒத்திகையில் பதிந்த பாட்டை போனில் போட்டுப் போட்டு நிறுத்துவது அவர் வேலை. பிழை விட்டால், "திருப்பி" என்பார். அதற்குமேல் பேசமாட்டார்.

ஒரு நாள் அப்படிப் பாடிப் பழகியது மகனைப் பறிகொடுத்த தாய்மாரின் பாட்டு. வாயை முழுக்கத் திறந்து பாட வேண்டும், கண்ணீரும் தானாக வந்துவிடும். யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். ஒரு தமிழ்ப் பொடியன், கையில் மரக்கறிப் பை. கண்ணாடியை இறக்கினேன். அவன் பிலிப்புவை ஏற இறங்கப் பார்த்தான். நாற்பது வருடத்தில் என்னிடம் குரல் உயர்த்தாத மனுசன் போனோடு முழித்துக்கொண்டிருந்தார். நான் இது பாட்டு என்று சொன்னேன். அவன் நம்பவில்லை.

"பயப்பிடாதேங்கோ அன்ரி, இது கனடா. அங்கிளை இறங்கி நிக்கச் சொல்லுங்கோ, நாங்கள் தனியக் கதைப்பம்."

தட்டம்

இது ஒத்திகையில் நடந்தது. விருந்துக் காட்சி ஒன்று. பின்வரிசைப் பெண்களுக்கெல்லாம் பட்டுச் சட்டையும் பொய்முடியும் வந்தன. எனக்கு வந்தது பரிமாறுகிறவளின் ஏப்ரனும் தட்டமும். இருபத்திரண்டு வருடத்தில் நான் வேலைக்காரி, சூனியக்காரி, கைதி, பிச்சைக்காரி எல்லாம் ஆகியிருக்கிறேன். ஒரு நாளாவது விருந்துக்குக் கூப்பிட்ட ஆளாகியதில்லை. எங்கள் வீட்டில் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவருவதுகூடப் பிலிப்புதான்.

வாயை மூடிக்கொண்டிருக்க ஏலவில்லை. உடுப்புக்குப் பொறுப்பான பெண்ணிடம் போய், எனக்கும் ஒரு பட்டுச் சட்டை தரக்கூடாதா என்று கேட்டேன். நல்ல பிள்ளை, மனத்தில் கள்ளமில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"தட்டத்தை நீங்கள் பிடிக்கிற மாதிரி வேறு ஒருவருக்கும் வராது, அவ்வளவு இயல்பாக இருக்கிறது."

பூட்டிய வாய்

பாடிக் காட்டுவதற்கு ஐந்து நாள் முன்னமே பேச்சை நிறுத்திவிடுவோம். சுகமா என்று கேட்டாலும் தலைதான் ஆடும். அந்த ஐந்து நாளுக்குள்தான் பிலிப்புவின் பெரியப்பா மகன் சவிரியண்ணை காலமானார். போகாமல் இருக்க முடியுமா? போனேன். பிலிப்பு வாசலில் வைத்தே, "இவவுக்குத் தொண்டைக்கு ஓய்வு" என்று எல்லாருக்கும் சொன்னார்.

ஒருவரும் அதைக் காதில் வாங்கவில்லை. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற எனக்குக் கண்ணீர் ஓடியது, சத்தம் மட்டும் வரவில்லை. பின்வரிசைக் கதிரைகளில் மிசிசாகாவில் வீட்டு விலை ஏறியதைப் பற்றி உரத்துக் கதைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்மேலும் குறையில்லை, குறையெல்லாம் என்மேல்தான். சவிரியண்ணையின் தங்கச்சி றோசம்மா மச்சாள் என் காதுக்குக் கேட்கவே பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொன்னா.

"ஆரோ வெள்ளைக்காரி மேடையில பொய்யாச் செத்தா இவ மூண்டு மணித்தியாலம் கத்துவா, எங்கட அண்ணை உண்மையாச் செத்ததுக்கு ஒரு ஐயோ இல்லை."

கடதாசி

அந்த நாள் வந்தது. புது மாஸ்டர் கடதாசியை நீட்டினார். கோடும் புள்ளியும் எறும்பு ஊர்ந்த மாதிரிக் கிடந்தன. ஐந்து நாள் பூட்டிய வாயைத் திறந்து முதலில் சொன்ன சொல்லே உண்மைதான். "எனக்கு இது வாசிக்கத் தெரியாது. பியானோவில் ஒருக்கா அடியுங்கள், பாடுகிறேன்." அவர் கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். பிறகு பியானோவில் இருந்த பிள்ளைக்குக் கையைக் காட்டினார்.

அவள் அடித்தாள். நான் பாடினேன், தொடக்கம் முதல் முடிவு வரை. மாஸ்டர் கடதாசியில் விரலை வைத்து, "நாலாவது வரியில் பிழை" என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. என் காது பிழை விடாது, அவள் அடித்ததைத்தான் பாடினேன் என்றேன். அந்தப் பிள்ளைதான் சிவந்துபோய், அந்த இடத்தில் தன் விரல் தவறிவிட்டது என்றாள். திரும்ப அடித்தாள், திரும்பப் பாடினேன். மாஸ்டர் ஏதோ எழுதினார், போகலாம் என்றார்.

வெளியில் மாக்கிரட் தன் முறைக்குக் காத்துக்கொண்டு நின்றாள். எல்லாம் போச்சு, எனக்கு வாசிக்கத் தெரியாதென்று சொல்லிவிட்டேன், உனக்கும் இத்தனை நாள் சொல்லவில்லை, மன்னித்துக்கொள் என்றேன். அவள் என் கொலரைச் சரிசெய்துவிட்டாள்.

"எனக்கு முதல் வருடமே தெரியும், நான் பிழை விட்ட நாளெல்லாம் நீயும் அதே பிழையைத்தானே பாடினாய்."

இடம் உண்டென்று போன கிழமை கடிதம் வந்தது, முதல் நாடகத்தில் எனக்குத் தட்டம்தானாம், நல்லவேளையாக அதில் கோடுமில்லை புள்ளியுமில்லை.