மாமா தாடி வளர்த்த குளிர்காலம்

மாமா எங்கள் வீட்டுக்கு வந்தது படிக்கவா, வேலை பார்க்கவா என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் டை கட்டிக்கொண்டு மெல்பேர்ன் நகரத்துக்குள் ஒரு பொறியியல் அலுவலகத்துக்குப் போவார். மிச்ச நாட்களில் டை இல்லாமல் வகுப்புக்குப் போவார். அவர் படித்த கல்லூரி தூரத்தில், ஆடுகள் அதிகமும் ஆட்கள் குறைவுமாக இருந்த ஒரு நாட்டுப்புற ஊரில் இருந்தது. கடைசி வருட மாணவர்களை அது ஒரு பருவம் முழுக்க மாநிலத் தலைநகருக்கு அனுப்பிவிடும். பாதி வேலை, பாதி படிப்பு. முடிவில் அலுவலகத் துரை நல்லபடியாக அறிக்கை எழுத வேண்டும், சோதனையிலும் தேற வேண்டும். இரண்டில் ஒன்று பிசகினாலும் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் மாணவ விசாவும் இல்லை. அப்பா இதற்குத் 'தலைநகர வனவாசம்' என்று பெயர் வைத்திருந்தார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மப்பா, அதாவது அம்மாவின் அப்பா, ஒற்றைக்காலில் நின்று வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்த பிள்ளை. எழுபதுகளின் நடுப்பகுதியில் மெல்பேர்னின் புறநகரான மல்கிரேவில் தமிழ்க் குடும்பம் என்று சொல்ல நாங்கள் மட்டும்தான் இருந்தோம் என்று நினைக்கிறேன். வீட்டைச் சுற்றிப் பாதி தோட்டம், பாதி சேறு. பின்வளவில் தகரக்கூரை போட்ட ஒற்றை அறை ஒன்று இருந்தது. அதை அப்பா மாமாவுக்காகத் துப்புரவாக்கிக் கொடுத்தார். எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் யாரும் என்னோடு சேராத காலம். மாமா வந்ததும் எனக்கு ஒரு சிநேகிதர் கிடைத்துவிட்டார். சனிக்கிழமைகளில் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் மீன் பொரியலும் சிப்ஸும் வாங்கித் தருவார். கடதாசியை விரித்து இருவரும் தெருவோர வாங்குப் பலகையில் இருந்து சாப்பிடுவோம்.

அந்தப் பருவம் தொடங்கிக் கொஞ்ச நாளில் ஊரிலிருந்து தந்தி வந்தது. மாமா வேலைக்குப் போயிருந்தார். நான் காய்ச்சலென்று பள்ளிக்கூடம் போகவில்லை. உடுப்புத் தோய்க்கும் அறையில் தண்ணீர் ஓடும் சத்தம் நிற்காமல் கேட்டது. போய்ப் பார்த்தால் அம்மா குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அம்மாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். அதற்கு முதல் ஒன்று தங்காமல் போயிருந்தது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

அப்பாதான் என்னைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னார்.

"அம்மப்பா எங்களை விட்டிட்டு மோசம் போயிட்டார், பிள்ளை. மாமாவுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா எல்லாத்தையும் விட்டிட்டு ஊருக்கு ஓடிடுவான். படிப்பு முடியட்டும், நாங்களே சொல்லுவம். நீ வாய் திறக்கக்கூடாது. விளங்குதோ?"

"ஓம்" என்றேன்.

எங்கள் ஆட்களிடம் இது புதிய பழக்கமல்ல. சோதனை எழுதுகிறவனுக்குச் சாவு சொல்ல மாட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கும் சொல்ல மாட்டார்கள். தந்தியைப் பிரித்தது அம்மாவாக இருந்துவிட்டதால் அவரிடம் மறைக்க வழி இல்லாமல் போயிற்று. இல்லாவிட்டால் அப்பா இருவரிடமும் மறைத்துத் தனியே சுமந்திருப்பார். அவருக்கு அந்தத் தைரியம் உண்டு.

அம்மப்பாவை எனக்கு ஞாபகம் இல்லை. படத்தில் வெள்ளை வேட்டியோடு நிற்பவர், அவ்வளவுதான். ஆனால் அம்மா எதை நினைத்து அதிகம் அழுதார் என்பது எனக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். ஆசைக்கு ஒரு ஆண்பிள்ளை இருந்தும் கொள்ளி வைக்க வேறு யாரோ வரவேண்டியதாகப் போச்சே என்று திரும்பத் திரும்பச் சொல்லுவார். மாமாவின் கார் சத்தம் கேட்டதும் எழுந்து முகம் கழுவிக்கொண்டு குசினிக்குள் சமைக்கப் போய்விடுவார். அந்தப் பழைய கார் தெருமுனையிலேயே இருமத் தொடங்கிவிடும், அது ஒரு உபகாரம்.

வீட்டில் மீனும் இறைச்சியும் நின்றன. மாமாவுக்குச் சொல்ல அம்மா ஒரு காரணம் தயாராக வைத்திருந்தார். வயிற்றுப் பிள்ளைக்கு மணம் ஒத்துக்கொள்ளவில்லையாம். மாமா அதைக் கேட்டு, "நல்லது அக்கா, எனக்கும் மரக்கறிதான் விருப்பம்" என்றார். முந்தின மாதம்வரை மீன்குழம்புச் சட்டியை வழித்துச் சாப்பிட்ட ஆள். சனிக்கிழமை வாங்கில் இருக்கும்போதும் மீனை என் பக்கம் தள்ளிவிட்டு வெறும் சிப்ஸைக் கொறித்தார். எனக்கு லாபம் என்று நினைத்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை.

பிறகு தாடி வந்தது. முதலில் நான்தான் கண்டுபிடித்தேன். மாமா ஒவ்வொரு நாளும் சவரம் செய்து, கன்னம் மின்ன டை கட்டுகிற மனுசர். ஒரு வாரத்தில் முகம் கறுத்துப்போயிற்று. அம்மா சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"என்னடா இது கோலம்? வேலைக்குப் போற ஆள் வழிக்கிறேல்லையோ?"

"ஒஃபிஸிலை எல்லாரும் இப்பிடித்தான் அக்கா. இஞ்சத்தை ஸ்டைல்."

அது பொய் என்றும் சொல்ல முடியாது. அந்த நாட்களில் மெல்பேர்னில் ஆண்பிள்ளையாகப் பிறந்த எல்லாரும் தாடியோடுதான் திரிந்தார்கள். என் வகுப்பு வாத்தியாருக்கே நெஞ்சுவரை இருந்தது. அம்மா எழுந்து உள்ளே போனார். நான் பின்னால் போனேன். அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "தெரியாமலே அப்பாவுக்குத் துக்கம் காக்கிறான், பாருங்கோவன்" என்று விம்மினார். அப்பா செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குவரை மகன் சவரம் செய்வதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தற்செயலாக இப்படிச் சரியாக அமைந்ததே என்று நானும் ஆச்சரியப்பட்டேன். அப்பா மட்டும் எதையோ யோசித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். வெளியே மழை தூறிக்கொண்டே இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க அது நிற்கவில்லை.

எனக்கு அந்த இரகசியம் பெரிய பாரமாக இருந்தது. மாமா பின்னறையில் மேசைவிளக்கடியில் படம் கீறிக்கொண்டிருக்கும்போது நான் பக்கத்தில் போய் இருப்பேன். பென்சிலைப் பிடித்தபடி ஒரே கோட்டைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருப்பார். பாவம், தன் அப்பா செத்தது தெரியாமல் படிக்கிறாரே என்று நினைப்பேன். வாயைத் திறந்தால் வந்துவிடும் என்று பயந்து எழுந்து ஓடிவிடுவேன்.

அந்தியேட்டி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. கலியாணம் கட்டிப்போன மகளுக்கு இதெல்லாம் கட்டாயமில்லை என்று அப்பா சொன்னதை அம்மா காதில் வாங்கவில்லை. தன் அப்பாவுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்தே தீருவேன் என்று நின்றார். மாமாவை எப்படி வீட்டைவிட்டு வெளியே அனுப்புவது என்பதுதான் பிரச்சினை. சனிக்கிழமை பின்னேரம் மாமாவே வந்து கேட்டார்.

"அக்கா, நாளைக்குப் பிள்ளையைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகட்டே?"

காது விறைக்கிற குளிரில் யாராவது பிள்ளையைக் கடற்கரைக்கு அனுப்புவார்களா? வேறு நாளென்றால் அம்மா சத்தம் போட்டிருப்பார். அன்றைக்கு, "ஓமோம், நல்லாப் போயிட்டு வாங்கோ, ஆறுதலா வாங்கோ" என்று அவசரமாகச் சொன்னார். மாமாவின் முகத்திலும் ஒரு நிம்மதி. "கொஞ்சம் வெறுஞ்சோறு கட்டித் தாங்கோ அக்கா. பறவையளுக்குப் போட" என்றார். அம்மா மறுநாள் விடியவே சோறு வடித்து, ஒரு டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்தார்.

மோர்டியலக் கடற்கரையில், கடலுக்குள் நீளும் மரப்பாலத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. கடல் சாம்பல் நிறமாக இருந்தது. மாமா சப்பாத்தைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கி, தண்ணீருக்குள் முழங்கால்வரை போனார். என்னைப் பாலத்திலேயே நிற்கச் சொன்னார். கோட்டுப் பையிலிருந்து ஒரு நெருப்புப் பெட்டியை எடுத்தார். அதற்குள் நெருப்புக்குச்சி இல்லை, கறுப்பாக ஏதோ விதை. அதைக் கையில் கொட்டி, தண்ணீரை அள்ளி, விரலிடுக்கால் கடலுக்குள்ளேயே விட்டார். வாய் எதையோ முணுமுணுத்தது. பிறகு சோற்றை உருட்டிப் போட்டார். வெள்ளைக் கடற்பறவைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பாய்ந்து வந்தன. ஒரு நிமிடத்தில் சோறு முடிந்தது. அதற்குப் பிறகும் அவர் அங்கேயே நின்றார். கால்சட்டை நனைந்து உடம்பு நடுங்கியது.

திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"ஏன் மாமா?"

"காத்து, பிள்ளை. உப்புக் காத்து." என் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தார். "இஞ்சை செய்ததை வீட்டிலை சொல்லாதை. நான் தண்ணிக்குள்ளை இறங்கினதெண்டு தெரிஞ்சா அக்கா பேசுவா. அவவுக்கு இப்ப மனம் நோகக்கூடாது."

இன்னொரு இரகசியம். இது சின்னது, பரவாயில்லை என்று தலையாட்டினேன். உள்ளுக்குள் பெரியது துடித்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில், அந்த ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அம்மப்பா செத்துப்போனார்" என்று சொல்லிவிட எனக்கு அவ்வளவு ஆசை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும் வழியில் தனக்குத் தெரிந்த ஒரு இத்தாலிக்காரரின் வீட்டில் நிறுத்தினார். அவர் சலூன் வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமையென்றும் பாராமல் பின்கட்டில் இருத்தித் தாடியை வழித்துவிட்டார். நாளைக்குப் பெரிய துரை வருகிறார் என்று மாமா எனக்குக் காரணம் சொன்னார்.

கதவைத் திறந்தது அம்மா. மாமாவின் முகத்தைப் பார்த்தார். வழித்த கன்னம் வெளிறிப்போய், சின்னப் பிள்ளையின் முகம்போல இருந்தது. அம்மாவின் கண் கீழே இறங்கி, முழங்கால்வரை நனைந்திருந்த கால்சட்டையில் நின்றது. பிறகு என் கையில் இருந்த வெறும் சோற்று டப்பாவுக்கு வந்தது. கதவுப் பிடியை விடாமலே நின்றார்.

"கால் முகம் கழுவிப்போட்டு வா. சாப்பிடுவம்" என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

மேசையில் வடை இருந்தது, பாயசம் இருந்தது, பருப்பும் பூசணிக்காயும் நாலைந்து கறிகளும் இருந்தன. குங்குமப் பொட்டு இல்லாத நெற்றியோடு அம்மா பரிமாறினார். மாமா தட்டைப் பார்த்தபடி இருந்தார். நான்தான், "இண்டைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டேன். "பேசாமல் சாப்பிடு" என்று அப்பா என் துடையைக் கிள்ளினார். மாமா அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. குனிந்தபடி எல்லாவற்றையும் சாப்பிட்டார். அம்மா போட்டுக்கொண்டே இருந்தார், அவர் போதும் என்று சொல்லவில்லை. யாரும் யாரையும் பார்க்காமல் சாப்பிட்டு முடித்தோம். அவ்வளவு துயரமான விருந்தை நான் பிறகு கண்டதில்லை.

அதன்பிறகும் ஒன்றும் மாறவில்லை. மாமா டை கட்டிக்கொண்டு போனார், வந்தார். அம்மா காரின் இருமலுக்குக் காது வைத்திருந்து முகம் கழுவினார். வெயில் காலம் தொடங்கி, துரை நல்ல அறிக்கை கொடுத்து, மாமா கடைசிச் சோதனையையும் எழுதிவிட்டு வந்த அன்று அப்பா தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"இரும் தம்பி. ஒரு விஷயம் சொல்லோணும்."

மாமா கதிரையில் இருந்தார். அப்பா சொன்னார். சொல்லி முடிக்கும்வரை மாமா குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. அம்மா நிறைமாத வயிற்றோடு குசினியிலிருந்து மெல்ல வந்தார். மாமா எழுந்தார். இருவரும் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஐயோ எங்கட அப்பா" என்று குழறி அழுதார்கள். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கும் அளவுக்கு அழுதார்கள். அப்பா கூட அழுதார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அதோடு ஒரு பெருமையும் இருந்தது. நான் சொல்லவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க வாயைக் கட்டி வைத்திருந்து மாமாவைச் சோதனை எழுதி முடிக்க வைத்துவிட்டேன்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் மாமா ஒருநாள் சொன்னார். அந்தத் தந்தி வந்த அதே வாரம், சிட்னியில் இருந்த ஊர்ப் பொடியன் ஒருவன் துக்கம் விசாரிக்க அவருடைய அலுவலகத்துக்கே தொலைபேசி எடுத்துவிட்டானாம். துரை ரிசீவரை நீட்டினாராம். சுற்றிவர ஆட்கள். மாமா ஆங்கிலத்தில் 'நன்றி' என்று சொல்லி வைத்துவிட்டு, படம் கீறும் பலகைக்குத் திரும்பினாராம். பின்னேரம் வீட்டுக்கு வந்து அம்மாவின் வயிற்றைப் பார்த்ததும், அக்காவுக்குத் தெரியக்கூடாது என்று முடிவுகட்டிவிட்டார். அதற்குள் எங்கள் வீட்டில், அவருக்குத் தெரியக்கூடாது என்ற முடிவு எடுத்தாகிவிட்டது. கடற்கரைக்குப் போன அன்று அவர்கள் இருவருக்கும் விளங்கிவிட்டது. ஆனால் வாய்விட்டுச் சொன்னால் உடைந்துவிடுவோம், உடைந்தால் தம்பியின் படிப்பும் அக்காவின் பிள்ளையும் என்னாகும் என்று, அப்பா சொல்லும் நாள்வரை இருவரும் தெரியாதவர்களாகவே நடமாடினார்கள்.

அப்பா விஷயத்தைச் சொன்ன அன்றைக்கு, அழுது ஓய்ந்த பிறகு மாமா என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். வழித்த கன்னம் ஈரமாக என் நெற்றியில் பட்டது.

"நீ கெட்டிக்காரி. ஒருத்தருக்கும் சொல்லேல்லை, என்ன?" என்றார்.

அம்மப்பா செத்ததைச் சொல்லாததற்குத்தான் பாராட்டுகிறார் என்று நினைத்தேன், கடற்கரை இரகசியம் நினைவுக்கே வரவில்லை. அப்போதுதான் விஷயத்தைக் கேட்ட மனுசருக்கு நான் மறைத்து வைத்திருந்தது எப்படித் தெரிந்தது என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. "ஓம் மாமா, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்று சந்தோஷமாகத் தலையாட்டினேன்.