தையல் இருந்த பக்கம்

எங்கள் நாட்டில் போர் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பு நான் ஜெர்மனியின் சிறிய ஊர் ஒன்றில் பொறியியல் படித்தேன். யாழ்ப்பாணத்தில் என்னோடு ஒரே வகுப்பில் இருந்த நண்பனும் அங்கேயே படித்தான். அந்த இலையுதிர்காலத்தில் இருவரும் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்போல் அணியில் சேர்ந்தோம்.

அணி என்றால் பத்தொன்பது பேர், ஹெல்மெட் பதினான்கு. களத்தைவிட்டு வெளியே வருபவன் தன் ஹெல்மெட்டைக் கழற்றி உள்ளே போகிறவனின் தலையில் கவிழ்ப்பான். இன்னொருவனின் வியர்வைச் சூடு காதுகளில் ஒட்டும். கோல் கம்பம் வாங்க வழியில்லாததால், சாதாரணக் கால்பந்துக் கோலின் இரு பக்கமும் சாரம் கட்டும் குழாய்களை நிமிர்த்திக் கட்டினோம். கோடுகளை மரத்தூளால் போட்டோம். காற்றடித்தால் எல்லைகள் இடம் மாறும். பக்கத்து அமெரிக்க முகாமிலிருந்து ஒரு சிப்பாய் சனிக்கிழமைகளில் வந்து பயிற்சி கொடுத்தார். நாங்கள் எல்லா ஆட்டங்களிலும் தோற்றோம். அவ்வளவு சந்தோஷமாக நான் பிறகு எதிலும் தோற்றதில்லை.

பந்தை உதைத்துக் கம்பங்களுக்கிடையே அனுப்ப ஒருவன் தேவைப்பட்டான். ஊரில் கால்பந்தடித்து வளர்ந்தவர்கள் என்பதால் பயிற்சியாளர் எங்கள் இருவரையும் உதைக்கச் சொன்னார். நான் நன்றாகவே உதைத்தேன். நண்பன் முதல் இரண்டு உதைகளைத் தவறவிட்டு என்னிடம் வந்தான்.

"சப்பாத்தோடை எனக்குப் பந்து தெரியேல்லை, மச்சான். கழட்டட்டோ எண்டு கேள்."

அவனுக்கு அப்போது ஜெர்மன் மட்டுமல்ல, ஆங்கிலமும் தடுமாறும். எல்லாவற்றையும் நான்தான் கேட்டுச் சொல்வேன். கேட்டேன். பயிற்சியாளர் சிரித்தார். பந்து கம்பங்களுக்கு மேலால் பறந்து மரங்களுக்குள் விழுந்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

அன்றிலிருந்து அவன் உதைப்பவன், நான் பந்தைப் பிடிப்பவன். பிடிப்பவனின் வேலை சின்னது. முழந்தாளிட்டு, பின்னோக்கி எறியப்படும் பந்தை வாங்கி, நிலத்தில் செங்குத்தாக நிறுத்தி, உச்சியில் ஒரு விரலை வைக்க வேண்டும். அந்த முட்டைப் பந்தின் ஒரு பக்கத்தில் வெள்ளை வார் கோத்த தையல் புடைத்து நிற்கும். அது கோலைப் பார்த்திருக்க வேண்டும். உதைப்பவனைப் பார்த்தால் பந்து திசைமாறும். வெறுங்கால் என்றால் காலும் நோகும்.

உள்ளூர்ப் பத்திரிகையில் அவனுடைய வெறுங்காலைப் பெரிதாகப் படம் போட்டார்கள். பந்தின் உச்சியில் ஒரு விரலும் அதில் இருந்தது. அது என்னுடையது. கட்டுரையை அவனுக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கடைசி ஆட்டத்தில் ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தபோது இரண்டு புள்ளிகள் பின்தங்கியிருந்தோம். உதைக்கு மூன்று புள்ளி. நண்பன் சப்பாத்தைக் கழற்றினான். புல்லில் உறைபனி இருந்தது. பந்து வந்தது, நிறுத்தினேன். தையல் அவனைப் பார்த்திருந்தது. அரைச் சுற்றுச் சுற்ற நேரம் இருந்தது. என் விரல் அசையவில்லை.

பந்து குழாயில் பட்ட சத்தம் நன்றாகக் கேட்டது.

பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் எங்கள் முன்னணி ஆட்டக்காரன் ஹெல்மெட்டை நிலத்தில் அடித்தான். "மனிதர்களைப் போல் சப்பாத்துப் போட்டு உதைக்கச் சொல் அவனை!" என்று கத்தினான். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன். நண்பன் மரப்பலகையில் அமர்ந்து சிவந்திருந்த புறங்காலைத் தடவினான்.

"மச்சான், பந்து எப்பிடி நிண்டது?"

"நேராத்தான் நிண்டது," என்றேன்.

அவன் தலையாட்டினான். என்னை நம்பினான். அடுத்த வசந்தத்தில் பயிற்சிக்கு வரவில்லை. பிறகு போர் வந்தது. நாங்கள் ஜெர்மனியிலேயே தங்கிவிட்டோம்.

அணியின் பழைய ஆட்கள் ஆண்டுதோறும் அந்த ஊரின் விளையாட்டுக் கழக வீட்டில் கூடுவார்கள். நான் ஒரு முறையும் தவறியதில்லை. இரண்டு ஸ்டேஷன் தள்ளி வசிக்கும் நண்பன் ஒரு முறையும் வந்ததில்லை. "தோக்கடிச்சவனுக்கு அங்கை என்ன வேலை?" என்பான். அங்கே ஒவ்வொரு முறையும் யாராவது எழுந்து, வெறுங்காலன் விந்தி விந்தி ஓடிவந்து கம்பத்துக்கு உதைத்ததை நடித்துக் காட்டுவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிரித்தேன். விரல் அசையாததைவிட அந்தச் சிரிப்புத்தான் இன்று என்னைக் கூசச் செய்கிறது.

சென்ற ஆண்டுக் கூட்டத்தில் ஒருவரின் மனைவி அந்தக் கடைசி ஆட்டத்தில் எடுத்த படச்சுருளைத் திரையில் ஓட்டினார். எல்லோரும் காலைப் பார்த்தார்கள். நான் பந்தைப் பார்த்தேன். வெள்ளைத் தையல் தெளிவாகத் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு காலை நண்பனின் வீட்டுக்குப் போனேன். தேநீர் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

அவன் எழுந்து யன்னலைச் சாத்தினான்.

"நான் உன்னைக் கேட்டனான்."

"ஓம். கேட்டனி."

"நேராத்தான் நிண்டது எண்டனி."

"ஓம்."

"பிறகு ஏன் இப்ப எனக்குச் சொல்லுறாய்? என்ர கால் எப்பவோ ஆறிட்டுது. போய் அவங்களுக்குச் சொல்லு. நீதானே நல்லா ஜெர்மன் கதைப்பாய்."

மன்னிக்கிறேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

இந்த ஆண்டு அவனையும் அழைத்தேன். வருவான் என்று நினைக்கவில்லை. வந்தான். கோட்டைக் கழற்றாமல் கதவருகே நின்றான். சுருளை மறுபடி ஓட்டச் சொல்லிவிட்டு எழுந்து, "இந்த முறை காலைப் பார்க்காதீர்கள், பந்தைப் பாருங்கள்," என்றேன். மிச்சத்தையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் தன் பியர்க் கோப்பையை என்னிடமிருந்து சற்றுத் தள்ளி வைத்தார்.

அன்று ஹெல்மெட்டை நிலத்தில் அடித்தவர் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். அவர் மெல்ல எழுந்து கதவருகே போனார். அந்தச் சப்பாத்துப் பேச்சைப் பற்றித்தான் சொல்லியிருக்க வேண்டும். தாழ்ந்த குரலில் சொன்னார். நண்பன் தன்னுடைய ஜெர்மனில் ஏதோ பதில் சொன்னான். பிறகு கோட்டைக் கழற்றினான்.

யாரும் என்னை மொழிபெயர்க்கக் கேட்கவில்லை.