மணவூர்த் தோப்பில் ஒரு குதிரை

திருத்தணி ரயிலடியில் ஜட்கா ஓட்டிய கஜபதிக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மற்ற வண்டிக்காரர்கள் சவாரிக்குத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார்கள். இவனோ பேசியே நாலு பேரை ஏற்றிக்கொண்டு மலையடிவாரம் போய்ச் சேர்ந்திருப்பான். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் படுத்துக்கொண்டபோது அவன் காட்டில் மழை. அந்த மழையெல்லாம் அவன் குதிரை செவலையின் முதுகில்தான் பெய்தது.

செவலைக்குக் கொள்ளு வேகவைத்ததும், கால் நீவிவிட்டதும் அவன் மனைவி பூவம்மாள். யுத்தம் முடிந்து பஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கிய சமயம் பார்த்து அது நொண்ட ஆரம்பித்தது. பூவம்மாள் பொதட்டூர்பேட்டைத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு தரகன் வந்தான். நொண்டிக் குதிரை உனக்கு எதற்கு என்று கஜபதி கேட்கவில்லை. பதில் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

திரும்பி வந்தவளிடம், “மணவூருல ஒரு பெரிய மனுசன் மாந்தோப்புல உட்டுட்டேன்மே. வேலை கெடையாது, பச்சப் புல்லு. ராஜா மாதிரி கீது” என்றான். அவள் அழுது ஓய்ந்து, மலைக்குப் போய்க் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தாள்.

மறு வருஷம் மைசூர்ச் சீமையில் வாழ்க்கைப்பட்ட மகள் அம்சாவைப் பார்க்கப் போனார்கள். மாப்பிள்ளை ராஜவேலு இருவரையும் மைசூர் நகரின் ஓரத்தில் இருந்த மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப்போனான். ஒரு கிராமத்தையே வளைத்து வேலி போட்டதுபோல அத்தனை பெரிய இடம். ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்து, “இதுக்கு லகான் மாட்டணும்னா ஏணி வேணுமே மாப்ள!” என்று கஜபதி சொல்ல, பக்கத்திலிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

மான்கள் மேய்ந்த வெட்டவெளியில் பூவம்மாள் நின்றுவிட்டாள். “நம்ம செவலையும் இப்பிடித்தான் மேஞ்சிகினு இருக்கும், இல்லீங்க?”

“ஆங்” என்றான்.

சிங்கத்துக்கு இரை போடும் வேளை அது. தள்ளுவண்டியில் இறைச்சி வந்தது. மேலே கிடந்த காலின் குளம்பில் பிளவில்லை. குதிரைக்குக் கால் நீவிவிட்டவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“வண்டிக் குதிரைதான் அத்தே,” என்றான் ராஜவேலு. “ஓட முடியாம போச்சுன்னா தரகனுங்க வாங்கி இங்க தள்ளிடுவானுங்க.”

“எந்தப் பாவி வித்தானோ!” என்றாள் பூவம்மாள். உடனே மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். “ஒங்க மாமாவும் வண்டிக்காரருதான் மாப்ள. அவருக்கு மனசு வந்துச்சா? மாந்தோப்புல இல்ல உட்டு வச்சிகீறாரு!”

கஜபதிக்கு உடம்பெல்லாம் கூசியது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பான். மாப்பிள்ளை முன்னால் இப்படிப் புகழ்ந்துவிட்டாளே! பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

ஊர் திரும்பும் ரயிலில் அவளுக்கு அதே நினைப்புத்தான். அரக்கோணத்தில் இறங்கியதும் ஓடிப்போய் வெல்லம் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். “மணவூரு இங்கதானே கீது? ஒரு நடை போயி பாத்துட்டு வந்துடலாங்க. என்னைக் கண்டா கனைக்கும்.”

தோப்புலயே செத்துப்போச்சு என்று சொல்லிவிடலாம். அந்தப் பொய்யும் நாக்கு நுனி வரை வந்தது. வெல்ல முடிச்சைப் பார்த்தான். சொல்ல வெட்கமாயிருந்தது.

“மணவூருல தோப்பு இல்ல, பூவு. தரகன்கிட்ட குடுத்துட்டேன்.”

அவள் அழவில்லை, கத்தவுமில்லை. திருத்தணி வண்டி வந்து நின்றது.

“அம்சாகிட்ட சொல்லிடாதே,” என்றாள். “அப்பன்னா அதுக்கு உசுரு.”

மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு, பெண்கள் பெட்டியைத் தேடி நடந்தாள்.