டாக்டர் பார்க்காத நாள்

வோல்கா ஆற்றங்கரையில் கிவாஸ் என்கிற புளிப்புப் பானம் வாங்க வரிசையில் நின்றிருந்த ரோதியோன் இல்யிச்சை ஒரு பெண் பிடித்துக்கொண்டாள். கழுத்தில் கேமரா, தோளில் பை, முகத்தில் வெட்கம் மருந்துக்கும் இல்லை. தெருவில் போகிறவர் வருகிறவரை நிறுத்திப் படம் எடுப்பதும், உங்கள் கதையைச் சொல்லுங்கள் என்று குடைவதும் அவள் வேலை. யாரஸ்லாவ்ல் நகரில் ஜூலை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மஞ்சள் பீப்பாய் வண்டிக்கு முன்னால் பாதி ஊர் நின்றது. நரை மீசையும், நாற்பது வருடம் டிராம் ஓட்டி நிமிர்ந்துபோன முதுகுமாக இவர் மட்டும் கூட்டத்தில் தனியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஐயா, அந்தக் கம்பி ஓரமா வந்து நில்லுங்களேன். பின்னால ஆறு அழகா விழும்."

"வரமாட்டேம்மா."

"ஒரே நிமிஷம்."

"ஆறு எங்கயும் போயிடாது. இந்த இடம் போயிடும்."

சரி, இங்கேயே எடுக்கிறேன் என்று அவள் இறங்கி வந்தாள். "உங்க வாழ்க்கையிலேயே ரொம்ப சந்தோஷமான நாள் எது?"

கல்யாணம், பிள்ளை பிறந்தது, ராணுவத்திலிருந்து வீடு திரும்பியது என்று ஏதாவது ஒன்றை எதிர்பார்த்திருப்பாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"டாக்டர் என்னைப் பார்க்காத நாள்."

அந்த நாள் முந்தைய வருடம் பிப்ரவரியில் வந்தது. டிராம் ஓட்டுகிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை உடம்பைக் காட்டிச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் மறுநாள் டிராமில் ஏற முடியாது. பணிமனையில் மண்வெட்டியைக் கையில் கொடுத்து, தண்டவாளத்தில் பனியை அள்ளச் சொல்வார்கள். ரோதியோன் இல்யிச் வழக்கம்போலக் கடைசி நாள் வரை ஒத்திப்போட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். மனைவி காலமாகி நாலு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் பேச ஆளில்லை. டிராமில் 'ஓட்டுநரோடு பேசாதீர்கள்' என்று பலகை தொங்கியது. இரண்டுக்கும் பழகிப்போயிருந்தார்.

எங்கள் மருத்துவமனையில் டோக்கனில் நேரம் போட்டுத்தான் கொடுப்பார்கள். அதை நம்புகிறவன் வெளியூர்க்காரன். கதவுக்கு எதிரே போய் "யாரு கடைசி?" என்று கேட்க வேண்டும். ஒருவர் "நான்" என்பார். அந்த நொடியிலிருந்து அவருடைய முதுகுதான் உங்கள் முகவரி. அவரை நீங்கள் அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும், உங்களுக்குப் பின்னால் வருகிறவர் உங்களை. சங்கிலியில் ஒரு கண்ணி காணாமல் போனால் பின்னால் உள்ள அத்தனை பேரும் சண்டைக்கு நிற்பார்கள்.

இரண்டாவது மாடியில், இதய டாக்டரின் கதவுக்கு எதிரே இவர் கேட்டார். "நான்தான் கடைசி" என்று ஒரு பெண்மணி கை தூக்கினாள். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். குட்டையாக வெட்டிய தலைமுடி, நல்ல தோள்கள், மாடி முழுக்கக் கேட்கும் குரல். அவள் பார்வை நேராக இவர் காலுக்குப் போனது. தரை அழுக்காகாமல் இருக்க அங்கே எல்லோரும் பூட்ஸுக்கு மேல் மாட்டுகிற நீல பிளாஸ்டிக் உறை அவருக்குக் கிழிந்து, பனித்தண்ணீர் தரையெல்லாம் கோலம் போட்டிருந்தது.

"ஐயையே, துடைக்கிற அம்மா பார்த்தா உங்களையே பிழிஞ்சு துடைப்பாங்க. இந்தாங்க." கைப்பையிலிருந்து ஒரு ஜோடி உறையை எடுத்து நீட்டினாள். "கழுவி வச்சதுதான். மாட்டுங்க."

நாலு வருடத்தில் அவரைப் பற்றி ஒருத்தர் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை. அவர் குனிந்து மாட்டினார். நிமிர்ந்தபோது தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவருக்கே தெரிந்தது. நல்லவேளை, இதய டாக்டரின் வாசலில்தான் இருந்தார்.

அவளுக்கு முன்னால் நாலைந்து பேர்தான். அவள் உள்ளே போய் வெளியே வந்தால் கதை முடிந்தது, பெயர்கூடத் தெரியாது. கேட்கலாம் என்றால் துணிச்சல் வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு வழுக்கைத் தலை ஆசாமி, "எனக்கு ஒண்ணே ஒண்ணு கேட்கணும், அவ்வளவுதான்" என்று கதவை நோக்கி நழுவினான். 'ஒண்ணே ஒண்ணு கேட்கிறவர்கள்' எங்கள் ஊரில் தனி ஜாதி. உள்ளே போனால் சாப்பாட்டு வேளைக்குத்தான் வெளியே வருவார்கள்.

"நாங்களும் ஒண்ணே ஒண்ணு கேட்கத்தான் வந்திருக்கோம்!" என்று சீறினாள் நரித்தோல் தொப்பி போட்ட ஓர் அம்மாள். ரோதியோன் இல்யிச்சுக்கு அடுத்தபடி நின்றவள். வரிசைக்குப் போலீஸ் வேலையும் அவளேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம், போகட்டும் விடுங்க" என்றார் ரோதியோன் இல்யிச்.

வரிசை மொத்தமும் திரும்பி அவரைப் பார்த்தது. அடுத்து ஒருவன் வந்தான். அவனையும் விடச் சொன்னார். மூன்றாவதாக ஒருத்தி வந்தபோது நரித்தொப்பி பொங்கிவிட்டாள். "ஏங்க, உங்க அப்பன் வீட்டுக் கல்யாணமா இது? போற வர்றவனையெல்லாம் வாங்க வாங்கன்னு உபசரிக்கிறீங்க!"

முன்னால் நின்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்துப் பேரை உள்ளே விடவும் அவர் தயாராக இருந்தார்.

"இது இப்போதைக்கு நகராது" என்று அவள் எழுந்தாள். "மேல் மாடியில ஈசிஜிக்கும் ஒரு இடம் போட்டுட்டு வந்துடறேன். நான் உங்களுக்கு முன்னாடி, பார்த்துக்கங்க."

"எனக்கும் ஈசிஜி இருக்கு" என்றார். அன்று அவர் வாயிலிருந்து வந்த உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

"அப்ப உங்களுக்கும் சேர்த்துப் போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் படியேறிப் போனாள்.

போனவள் போனவள்தான். வரிசை நகர்ந்தது. அவளுடைய முறை வந்தது. "அடுத்து!" என்றார் டாக்டர்.

ரோதியோன் இல்யிச் எழுந்திருக்கவில்லை. தான் உள்ளே போய்விட்டால், அவள் இங்கே நின்றாள் என்று சொல்ல ஆள் ஏது? மேலே போய்க் கூப்பிடலாம் என்றால் இரண்டு இடமும் போய்விடும். நரித்தொப்பியைப் பார்த்து, "நீங்க போங்க" என்றார்.

"உங்களுக்கு என்ன, உட்காரவா வந்தீங்க?"

"எனக்கு முன்னாடி ஒரு அம்மா இருக்காங்க."

"அவ எப்பவோ வீட்டுக்குப் போயிருப்பா, அப்பாவி மனுஷா!" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போனாள். போகிற போக்கில் கொஞ்சம் பரிதாபமாகவும் பார்த்தாள்.

அதன் பிறகு வந்த ஒவ்வொருவரிடமும் "நீங்க போங்க", "நீங்க போங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் டாக்டரே கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, கதவைப் பூட்டிவிட்டு, "நாளைக்கு வாங்க" என்று சொல்லிப் போய்விட்டார். காலியான பெஞ்சில் இவரும், நீல உறை போட்ட இரண்டு கால்களும் மட்டும் மிச்சம். சான்றிதழ் போச்சு, டிராம் போச்சு. அதெல்லாம் அவருக்கு உறைக்கவே இல்லை. பெயரைக் கேட்காமல் விட்டோமே என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

படியில் கால் வைத்தார். மேலேயிருந்து ஒரு குரல் இடி மாதிரி இறங்கி வந்தது.

"எங்கய்யா போய்த் தொலைஞ்சீங்க?"

அவள்தான். முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"எனக்கு அடுத்து ஒரு மீசைக்காரர்னு சொல்லி வச்சேன். நான் உள்ள போயிட்டா உங்களை யார் விடுவாங்க? ஒவ்வொருத்தரையா, நீங்க போங்க, நீங்க போங்கன்னு அனுப்பிட்டு உட்கார்ந்திருக்கேன். இப்ப மிஷினையே மூடிட்டாங்க! நீங்க பாட்டுக்கு டாக்டரைப் பார்த்துட்டுக் கிளம்பிட்டீங்க!"

"நான் பார்க்கலையே" என்றார்.

"ஏன்?"

"நீங்கதான் எனக்கு முன்னாடி."

அவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவரும் சிரித்தார், சிரிக்க மறந்து போயிருந்த முகம், வலித்தது. கீழே அவளுடைய கோட்டை அவர் பிடித்துக்கொள்ள, அவள் மாட்டிக்கொண்டாள். பெயர் தயீசியா மார்க்கொவ்னா, நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவள், கணவன் ஓடிப்போய் வெகுகாலம் ஆகிறது என்பதெல்லாம் டிராம் நிறுத்தத்துக்குப் போய்ச் சேருவதற்குள் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் கதவு திறக்கும்போதே இருவரும் போய் நின்றார்கள். அவர்களுக்கும் முன்னால் நரித்தொப்பி மாத்திரைச் சீட்டுக்காக உட்கார்ந்திருந்தாள்.

"யாரு கடைசி?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். "நான்தான். நீங்க ரெண்டு பேரா, ஒரே ஆளா? சொல்லிடுங்க, கணக்கு வச்சுக்கணும்."

சான்றிதழ் கைக்கு வரும் வரை ரோதியோன் இல்யிச் பணிமனையில் பனி அள்ளினார். மேற்பார்வையாளர் திட்டித் தீர்த்தார். இவர் பாட்டுக்கு விசிலடித்துக்கொண்டு அள்ளினார். மத்தியானம் தயீசியா முட்டைக்கோஸ் வைத்த பன்னைத் துணியில் சுற்றிச் சூடாகக் கொண்டுவந்தாள். இலை உதிர்கிற காலத்தில் கல்யாணம் பதிவானது.

கேமராக்காரப் பெண் கதை முடியும் வரை படம் எடுக்கவே மறந்துபோயிருந்தாள்.

"அவங்க இப்ப எங்கே?"

"அதோ, ஐஸ்கிரீம் கியூவுல." அவர் தலையை ஆட்டிக் காட்டினார். "எனக்கும் சேர்த்து இடம் போட்டிருக்கா. இங்க அவ எனக்கு முன்னாடி."

அப்போதுதான் கேமராக்காரப் பெண் கவனித்தாள். அவருக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது.

"உங்ககிட்ட போன் இல்லையா?"

"இருக்கு. அவகிட்டயும் இருக்கு."

"அடுத்து!" என்று கத்தினாள் கிவாஸ்காரி. பின்னாலிருந்து யாரோ முதுகில் தட்டி, "நகருங்கய்யா, தூங்கிட்டீங்களா?" என்றார்கள்.

ரோதியோன் இல்யிச் அந்தக் காலி இடத்தில் கால் வைக்காமல் ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

"நீங்க போங்க" என்றார். அப்போதுதான் அந்தப் பெண் படம் எடுத்தாள்.